பதினேழாம் நம்பர் மெஷினில் ஒரு சந்து

துரைராஜ் சாரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் மேடம் என்று பழைய மாணவர்கள் கேட்டார்கள். நாலு வரியில் அடக்கிப் பேச நான் எந்தக் காலத்தில் கற்றுக்கொண்டேன்? மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பால்காரர் என் வாய்க்குப் பயந்து பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறவர். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

என் பெயர் சண்முகவடிவு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்தவர். கடையில் உட்காரச் சொன்னபோது மாட்டேன் என்று முரண்டு பிடித்து, அடையாறு பக்கம் ஒரு தனியார் இன்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். துரைராஜ் அங்கே வந்தது பதினைந்து வருஷத்துக்கு முந்தி, ஒரு ஜூன் மாதம். லேப் கதவைத் திறந்து, "இன்னா மேடம், ஃபேன் ஓடலியா?" என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் என்று நினைத்து, "ஒரு வாரமா சொல்லி அனுப்புதேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கடித்தேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் நாற்காலி மேல் ஏறி ஃபேனைச் சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தான்தான் புதிதாக வந்திருக்கும் லெக்சரர் என்று சொன்னார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருடைய பேச்சை வைத்து ஆளை எடை போட்டுவிட்டேன். அதை அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஃபேன் நின்றுபோகும் போதெல்லாம் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அவருக்குக் கொடுத்த பாடம் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், அடுத்த செமஸ்டரில் வெப் அப்ளிகேஷன். மற்றவர்கள் அந்தப் பாடத்தை எப்படி எடுப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். கார் என்பது கிளாஸ், ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு காரும் ஆப்ஜெக்ட் என்று தொடங்குவார்கள். துரைராஜ் முதல் நாளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் கார் இருக்கிறது என்று கேட்டார். அறுபது பேரில் ஏழு கை. எத்தனை பேருக்கு வீடு இருக்கிறது? எல்லாக் கையும் தூக்கினார்கள். அப்போ காரை விடு, வீட்டைப் பிடி என்று ஆரம்பித்தார்.

வீட்டின் வரைபடம்தான் கிளாஸ். அதைப் பார்த்துக் கட்டுகிற ஒவ்வொரு வீடும் ஆப்ஜெக்ட். பையன்களையும் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, நீ ஒன்றாம் நம்பர் வீடு, நீ ரெண்டாம் நம்பர் வீடு என்பார். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் லாரிக்கு எத்தனை குடம் வைப்பார்கள், யார் சமையல் என்றெல்லாம் அதில் எழுதி மடித்து வைத்திருப்பார்கள். இன்னொருவனை அனுப்பி அந்த வீட்டில் எத்தனை குடம் என்று தெரிந்துகொண்டு வரச் சொல்வார். போகிறவன் நேரே கையை நீட்டிச் சீட்டைப் பிடுங்குவான். அங்கேதான் சார் சாக்பீஸால் மேஜையைத் தட்டுவார்.

"கைய உள்ள வுடாத. கதவ தட்டு. அவங்க சொன்னா தெரிஞ்சிக்கோ, சொல்லாங்காட்டி திரும்பி வா."

அந்தப் பாடத்தில் இருக்கும் பாதி விஷயம் இந்த ஒரு வரிதான். புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம். நான் ஜன்னல் ஓரத்தில் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் நின்று கேட்டே கற்றுக்கொண்டேன்.

வெப் அப்ளிகேஷனுக்கு மற்ற காலேஜ்களில் நூலகத்தைச் செய்வார்கள், ஆஸ்பத்திரியைச் செய்வார்கள். சீனியர் செய்ததை ஜூனியர் அப்படியே அடிப்பான், சீனியரின் ரோல் நம்பரோடு. துரைராஜ் தன் பிள்ளைகளைத் தன் சந்துக்கே கூட்டிப்போனார். அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் ஓடக்காரன் சந்து, அறுபத்திரண்டு வீடு. ஒன்பதாம் நம்பர் அவர் பிறந்த வீடு. சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் என்ன சொன்னார்களோ அதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் பேட்ச் சந்தை வரிசையாக வரைந்தது. அடுத்த பேட்ச் போட்டோ சேர்த்தது. அதற்கடுத்த பேட்ச் பெயரைத் தேடினால் வீடு வருகிற மாதிரி செய்தது. திரையில் ஒரு கதவைத் தொட்டால் திறக்கும்; அந்த வீட்டுக்காரர் சொன்ன ஒரு வரி வரும். முப்பத்தொன்றாம் நம்பரில் ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மாள், சந்து முனையில் ஆப்பம் போடுகிறவர். அவர் கதவைத் தொட்டால், "ஆப்பம் முடிஞ்சிபோச்சி, நாளிக்கு வா" என்று வரும். எங்கள் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுச் சிரிப்பார்கள்.

எல்லாம் லேபில் பதினேழாம் நம்பர் மெஷினில் இருந்தது. வெளியே நெட்டில் போட்டதில்லை. சிலபஸ் அத்தோடு முடிந்துவிடும். பரீட்சைக்கு வருகிற வெளி ஆள் அந்த மெஷினில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மதிப்பெண். எங்கள் லேபில் பிறந்த எந்த வெப்சைட்டும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

பெருவெள்ளம் வந்து போன மறுவருஷம் சந்தை இடித்தார்கள். எல்லாரையும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள், துரைராஜின் அம்மாவையும் சேர்த்து. இடித்த அன்று அவர் லீவு போடவில்லை. காலையில் லேபுக்கு வந்து, பதினேழாம் நம்பரைப் போட்டு, ஒன்றாம் நம்பர் வீட்டிலிருந்து அறுபத்திரண்டாம் நம்பர் வரைக்கும் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனார். 

மிஞ்சியது ரோட்டோரம் இருந்த சின்ன அம்மன் கோயில் மட்டும். ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். அன்றைக்குப் பெரும்பாக்கத்திலிருந்து எல்லாரும் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள்.

இனிமேல் வருவது என் கைங்கரியம். ஒளிக்காமல் சொல்கிறேன். இடித்து இரண்டாவது ஆடி. கோயில் கமிட்டிக்குத் தலைவர் சின்னப்பையன், அறுபது வயதுக்காரர், மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கியவர், சந்தில் பதினான்காம் நம்பர். துரைராஜை விழாவுக்கு அழைக்க லேபுக்கு வந்தார். சார் வகுப்பில் இருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பதினேழாம் நம்பரில் சந்தைத் திறந்து காட்டினேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். தன் வீட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, இதற்கு விலாசம் எது என்று கேட்டார். நான் திரையின் உச்சியில் இருந்த வரியைக் காட்டினேன்.

லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் அந்த வரி. எந்த மெஷினில் அடித்தாலும் அது அந்த மெஷினுக்குள்ளேயேதான் தேடும். உள்ளே இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் இல்லை. அடுத்த மெஷினில் அடித்தால்கூட வராது. இது முதல் வருஷப் பிள்ளைக்கே தெரியும். சின்னப்பையனுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி வரைந்துகொண்டார். அரை மணி நேரம். நான் பக்கத்தில் நின்று, நடுவில் இரண்டு புள்ளி விட்டுப்போச்சு என்று திருத்தியும் கொடுத்தேன். ஆசைக்கு எழுதி வைத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். படித்த முட்டாள் என்பது வேறு யாரையும் அல்ல.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, துரைராஜ் ஒரு மஞ்சள் நோட்டீஸைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கூழ் வார்த்தல், அம்மன் வீதியுலா, அன்னதானம், கீழே தடித்த எழுத்தில்: நம்ம சந்தை மறுபடி பார்க்க இந்த விலாசத்தில் பார்க்கவும். அதன் கீழே, ஒரு புள்ளிகூடப் பிசகாமல், லோக்கல்ஹோஸ்ட். ஐந்நூறு நோட்டீஸ், பெரும்பாக்கத்தில் பிளாக் பிளாக்காக வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது. ஜனங்கள் போனில் அடித்துப் பார்த்துவிட்டு வரவில்லையே என்று கேட்டார்களாம். சின்னப்பையன், கூழ் ஊத்துற அன்னிக்குத்தான் வரும், பொறுங்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நான்தான் விலாசத்தைக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கென்ன, பசங்களை விட்டு நெட்டில் ஏற்றிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சரியான விலாசத்தைச் சொல்லிவிட்டால் போச்சு என்றும் சொன்னேன்.

"மைக்குல சொன்னா, சின்னப்பையன் மாமா போட்டது தப்புன்னு ஆயிடும் மேடம்," என்றார். "அந்தாளு வாழ்க்கையில மொத தபா இங்கிலீஷ் எழுதிகீறாரு. அத்தினி பேர் முன்னால அத்த தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த விலாசம் திறக்க வேண்டுமென்றால் சந்து இருக்கிற மெஷின் அங்கே இருக்க வேண்டும். அஸ்வின் என்று ஒரு இறுதியாண்டுப் பையன் தன் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தான். வெள்ளி முழுக்க, சனி மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டினான். எங்கள் பழைய டேட்டாபேஸ் அவனுடைய புது லேப்டாப்பில் உட்கார மாட்டேன் என்றது. சனி நாலு மணிக்கு நான் மெஷின் ரிஜிஸ்டரை எடுத்து, பதினேழாம் நம்பர், சர்வீஸுக்கு என்று என் கையால் எழுதினேன். காலேஜ் சொத்தை அனுமதி இல்லாமல் வெளியே எடுத்தால் வேலை போகும். துரைராஜ் ஒப்பந்த ஆள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆட்டோவில் அவர் மடியில் மானிட்டர், என் மடியில் சிபியு.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனை வருஷம் ஆனாலும் மறக்க மாட்டேன். ஷாமியானா போட்டு, கோயில் ஸ்பீக்கர் லைனிலிருந்து கரண்ட் எடுத்து, பலகை மேல் பதினேழாம் நம்பரை வைத்தோம். சின்னப்பையன் வெள்ளை வேட்டியில் பக்கத்தில் காவல் நின்றார். ஜனங்கள் ஒரு கையில் கூழ்ச் சொம்பும் ஒரு கையில் நோட்டீஸுமாக வரிசையில் நின்றார்கள். துரைராஜ் ஒவ்வொருவரும் பார்த்து முடித்ததும் பக்கத்தை மூடிவிடுவார். அடுத்தவர் தன் விரலால்தான் விலாசத்தை அடிக்க வேண்டும். நோட்டீஸில் ஒரு எழுத்து, கீபோர்டில் ஒரு எழுத்து என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அடித்தார்கள். ஒருத்தருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. சந்து விரிந்ததும் ஒரு சத்தம் எழும் பாருங்கள், நான் எந்தக் கோயில் தேரிலும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே பார் உங்க வூட்டு டிரம்மு, இங்கே பார் என் செருப்பு என்று கத்துவார்கள். சின்னப்பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான்தான் சொன்னேனே என்பார்.

ஆரோக்கியமேரி அம்மாள் வந்தார். முப்பத்தொன்றாம் நம்பர் கதவைத் தொட்டார். ஆப்பம் முடிஞ்சிபோச்சி, நாளிக்கு வா. தான் சொன்னதையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. துரைராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்த எப்போ நைனா இடிப்பாங்கோ?"

துரைராஜ் பக்கத்தை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மெஷினில் காலேஜ் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. புதன்கிழமை விசாரணை. ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. பிரின்சிபால் என்னைக் கேட்பதற்கு முன்னால் துரைராஜ் முந்திக்கொண்டார். மேடத்துக்கு ஒன்றும் தெரியாது, சர்வீஸுக்கு என்று நான்தான் பொய் சொல்லி எடுத்தேன் என்றார். இல்லை, எனக்குத் தெரியும், விலாசத்தைக் காட்டியதே நான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாய் கிழியப் பேசுகிறவள், அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பயம். வேறு காரணம் சொன்னால் அது பொய். செமஸ்டர் முடிந்ததும் காலேஜ் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. லேப் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, ஃபேனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருக்குப் போன் பண்ண எனக்கு விரல் வரவில்லை.

அடுத்த மே மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. லேபுக்குப் புது மெஷின்கள். பழையதில் இருப்பதையெல்லாம் அழித்து ஒப்படைக்கவும். கீழே, பொறுப்பு: சண்முகவடிவு. எப்போ இடிப்பாங்கோ என்று ஆரோக்கியமேரி அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தேதி மே இருபத்தெட்டு. இடிக்கப் போகிறவள் நான்.

அன்று சாயங்காலம் அஸ்வினைக் கூப்பிட்டேன். ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வேலை முடிந்து தினமும் வந்தான். ஒன்பது நாள். பழைய டேட்டாபேஸைக் கெஞ்சி, மிரட்டி, வீடு வீடாகப் பிரித்து, என் லேப்டாப்பில் குடியேற்றினோம். நாற்பத்தைந்தாம் நம்பர் மட்டும் கடைசி வரை படுத்தியது. அந்த வீட்டுக்காரர் நிஜத்திலும் அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒன்பதாம் நாள் நான் விலாசத்தை அடித்தேன். சந்து விரிந்தது. அஸ்வின் அழுதான். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள். அதற்குப் பிறகுதான் பதினேழாம் நம்பரை அழித்தேன்.

அந்த ஆடிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நோட்டீஸில் அதே விலாசம். சின்னப்பையனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துரைராஜ் பந்தல் ஓரமாக நின்றிருந்தார். வேறொரு காலேஜில் வேலை, சாயங்காலம் பெரும்பாக்கத்து பிளாக்கில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். ஒன்பதாம் நம்பர் கதவை அவர் தொட்டார், திறந்தது. அப்போதுதான், அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க பேசாதது சரிதான் மேடம். ரெண்டு பேரும் போயிருந்தா லேப யாரு பாத்துக்குவா," என்றார். ஒன்பதாம் நம்பர் கதவை மூடினார். "அப்பால ஒரு தபாகூட கதவ தட்லியே. அதான் பேஜாராப்போச்சு."

வருஷக்கணக்கில் ஜன்னல் ஓரமாக நின்று கேட்ட பாடம். எனக்கு அது மட்டும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஆடியும் நான் தவறவிட்டதில்லை. போனில் பார்க்கிற மாதிரி நெட்டிலும் பசங்கள் ஏற்றிவிட்டார்கள், சரியான விலாசத்தோடு. ஆனால் சின்னப்பையன் வருஷா வருஷம் தன் பஸ் டிக்கெட்டைப் பார்த்துத்தான் நோட்டீஸ் அடிக்கிறார். அவர் போட்ட விலாசம் திறந்தாக வேண்டும். அதனால் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் சந்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, அவரவர் லேப்டாப்போடு வர ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் பதினொரு பேர். ஷாமியானாவுக்குக் கீழே பதினொரு லேப்டாப், பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாக.

ஆரோக்கியமேரி அம்மாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. துரைராஜ் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முதல் லேப்டாப்பில் முப்பத்தொன்றாம் நம்பரைக் காட்டினார். அடுத்ததிலும் அதே வீடு. அதற்கடுத்ததிலும். அம்மாள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் நடந்து, அங்கே நின்றார். அவர் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில், மகன் வீட்டில், சமையலறையை ஒட்டிப் பாய் போட்டுப் படுக்கிறவர்.

"எத்தினி வூடு நைனா எனக்கு?" என்று கேட்டார்.

துரைராஜ் எண்ணிப் பார்த்து, பதினொன்று என்று சொன்னார்.